குஞ்சம் தேடிப் பலெர்மோவுக்கு

2009ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நான் பலெர்மோவுக்குப் போனது ஒரு குஞ்சத்துக்காக. வாளுக்காகக்கூட இல்லை, வாளின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தக் குஞ்சத்துக்காக. எழுதும்போதே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயணக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டு, கடலையும் தேவாலயங்களையும் பார்க்கப் போனேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய்.

நான் இருப்பது ஜெர்மனியில், கத்தியும் கத்தரிக்கோலும் செய்து பெயரெடுத்த ஒரு சிற்றூரில். வேலையும் கத்தித் தொழிற்சாலையில்தான். ஊருக்கு ஏற்ற வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஜெர்மன் படை வாள்களையும், அவற்றின் உறை, வார், குஞ்சம் எல்லாவற்றையும் சேர்க்கிறேன். "உயிருக்குப் பயந்து ஓடிவந்த மனுசன், சுவர் முழுக்க வாள் கொழுவி வைச்சிருக்கிறார்" என்று என் மனைவி வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லுவாள்.

பார்க்கிறவர்களுக்கு எல்லா வாளும் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. கையைக் காக்கும் பித்தளைத் தகட்டில் கழுகு இருந்தால் அது பிரஷ்யாவின் வாள். சாக்சனி அரசின் கேடயம் இருந்தால் சாக்சன் வாள். அலகின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் ஊரும் பேரும் தெரியும். என்னிடம் ஒரு சாக்சன் காலாட்படை அதிகாரியின் வாள் இருக்கிறது. உறை, மீன்தோல் சுற்றிய பிடி, மடக்கக்கூடிய காப்புத் தகடு, எல்லாம் ஒழுங்கு. குஞ்சம் மட்டும் இல்லை. வெள்ளி இழையில் நெய்த பட்டி, அதில் பச்சைக் கரை, நுனியில் பாக்கு அளவில் ஒரு குமிழ். வாள் இரும்பு, நூறு வருஷம் கிடக்கும். குஞ்சம் நூல்தானே, பூச்சியும் ஈரமும் தின்றுவிடும். அதனால் நல்ல குஞ்சம் கிடைப்பது வாள் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

அந்த மாசியில் பலெர்மோ வியாபாரி ஒருவர் இணையத்தில் போட்ட படத்தில் அதைக் கண்டேன். ஏதோ ஒரு உதவாத வாளில் பச்சைக் கரையோடு தொங்கியது. தபாலில் அனுப்புவதில்லை, நேரில் வந்து பார் என்று எழுதினார். அப்போதுதான் பலெர்மோவில் எனக்கொரு தங்கச்சி இருப்பது நினைவுக்கு வந்தது.

சுகந்தி என் சின்னம்மாவின் மகள். அவளுடன் கடைசியாக எப்போது கதைத்தேன் என்று எனக்கே தெரியாது. யார் யாரிடமோ போன் இலக்கம் வாங்கி எடுத்தேன். "ஈஸ்டருக்கு அங்கை வாறன், உங்களோடை நாலு நாள் நிக்கலாமோ?" என்றேன். யார் என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். பிறகு அழுதாள். "வாங்கோ அண்ணை. நீங்களாவது வாறியளே" என்றாள். இத்தனை வருஷம் எடுக்காதவன் எடுத்ததில் அழுகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய தம்பி ஜெகன் மனைவி பிள்ளைகளோடு இலங்கையில், போருக்கு நடுவே வன்னியில் இருந்தது எனக்குத் தெரியாமலில்லை. அந்த மாதங்களில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது அந்தப் பச்சை நூல்தான்.

வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தேன். இத்தாலியின் கால் நுனியில் ரயிலைப் பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றுகிறார்கள். நானோ ரயில் பெட்டிக்குள் இருந்தபடியே கடல் கடக்கிறேன் என்று புளகாங்கிதப்பட்டேன். அதற்குள் எதிர் இருக்கைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மேல் தளத்துக்குப் போய், பொரித்த சோற்று உருண்டை ஒன்றோடு திரும்பி வந்தார். எனக்கும் ஒன்று தந்தார். நடுவில் பட்டாணியும் இறைச்சியும். அக்கரையில் ரயில் கிளம்பி, ஒரு ஊரின் நடுவில் நின்று, காரணம் சொல்லாமல் அப்படியே நின்றது. ஜெர்மனியில் நாலு நிமிஷம் தாமதம் என்றால் மேடையில் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்து மூச்சு விடுவார்கள். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. "வரும்போது வருவோம்" என்று செருப்புக்காரர் சொன்னதை அரைகுறை இத்தாலியனில் விளங்கிக்கொண்டேன்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ஸ்டேஷனின் வாசலில் சுகந்தியும் அவள் கணவன் பாஸ்கரனும் நின்றார்கள். சுகந்தி மெலிந்து போயிருந்தாள். என் கையைப் பிடித்தவள் வீடு போகும்வரை விடவில்லை. வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால், பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில். கதவைத் திறந்தால் உள்ளே ஆறேழு தமிழ்ப் பெண்கள் நிலத்தில் இருந்தார்கள். சுவரோரம் ஜெகனின் குடும்பப் படம். அதற்கு முன்னால் விளக்கு.

"இவர்தான் எங்கட பெரியம்மான்ரை மகன்" என்றாள் சுகந்தி. "ஜெகன்ரை போன் நிண்ட விசயம் கேள்விப்பட்டு ஜெர்மனியிலயிருந்து வந்திருக்கிறார். போனிலை விசாரிச்சுப்போட்டு விடுற காலத்திலை, ஆள் நேரிலை வந்திருக்கிறார் பாருங்கோ."

பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒரு வயதான அம்மா என் தலையைத் தடவி, "உப்பிடித்தான் சகோதரம் இருக்கவேணும்" என்றார். என் பையில் சுகந்தியின் மகளுக்கு ஒரு சொக்கலேட் முயலும், பாஸ்கரனுக்கு ஒரு பிரண்டிப் போத்தலும் இருந்தன. கஷ்டப்பட்ட வீட்டுக்குப் போகிறவன் கொண்டுபோகும் சாமானா அது? எங்கள் ஊரில் துக்கம் விசாரிக்கப் போகிறவன் வெறுங்கையோடு போவான், அல்லது சீனியும் தேயிலையும் கொண்டுபோவான். நான் பையைத் திறக்காமல் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சுகந்தி புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாஸ்கரன் அவளையே பார்த்தான். அவள் சாப்பிடச் சாப்பிட அவன் கண் கலங்கியதை நான் கவனித்தேன், ஆனால் ஏனென்று அப்போது விளங்கவில்லை.

"ஸீயோ, மாஞ்ஞா, சாப்பிடுங்கோ மாமா" என்று மகள் என் கோப்பையில் இன்னும் புட்டு வைத்தாள். "நீங்கள் சாப்பிடாட்டி அம்மாவும் சாப்பிடமாட்டா. அது கொஞ்சம், அங்கோரா, இன்னும் போடுங்கோ." இத்தாலியனும் தமிழும் ஒரே வாயில் வந்தன. நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சுகந்தி தான் பராமரிக்கும் ஒரு சிஞ்ஞோராவின், வயதான இத்தாலிய அம்மாவின், வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். பாஸ்கரனுக்கு ஓய்வு. ஊர் பார்க்கவேணும் என்று சொல்லி அவனைக் கதீட்ரலுக்குப் பின்னால் இருக்கும் பழம்பொருள் கொட்டில்களுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு இத்தாலியன் பற்றாது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அப்போதும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்கு விளங்கட்டும் என்று விட்டேன். இது என் சுபாவம். மனைவியிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்லுவாள்.

வியாபாரி பைஜாமாவுக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். உடைந்த கதிரைகள், கையில்லாத புனிதர் சிலைகள், தகரக் கவசம் போட்ட பொம்மைகள் நடுவே அந்த வாள் தொங்கியது. ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. காப்புத் தகடு மடங்கவில்லை, ஒரே வார்ப்பு. காந்தத்தை வைத்தேன், பித்தளை என்று நினைத்தது பச்சக்கென்று பிடித்தது, வெறும் இரும்புக்குப் பூச்சு. அலகின் அடியில் முத்திரை இல்லை. ஏதோ நாடகக் கொட்டகையில் வேஷத்துக்குச் செய்த வாள். ஆனால் குஞ்சம் அப்படியில்லை. வெள்ளி இழை கறுத்து, விரலில் பழைய காசின் மணம் ஒட்டியது. பட்டி ஒரே இடத்தில் இரண்டு மடிப்பாக நிரந்தரமாக வளைந்திருந்தது. வேறொரு வாளின் பிடியில், யாரோ ஒரு அதிகாரி, வருஷக்கணக்காகக் கட்டிய முடிச்சின் அடையாளம் அது.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது. வேண்டாததைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, போகிற போக்கில் வேண்டியதைக் கேட்க வேண்டும். நான் கால் மணி நேரம் வாளைத் திட்டினேன். பாஸ்கரன் பாவம், ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தான். கடைசியில், "வாள் வேண்டாம், இந்த நூலை மட்டும் தாறாரோ கேளும்" என்றேன்.

வியாபாரி என்னைவிடப் பழையவர். சிரித்துக்கொண்டே பாஸ்கரனிடம் ஏதோ கேட்டார். பாஸ்கரன் மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை மச்சான்."

"சொல்லுங்கோ."

பாஸ்கரன் ஒரு கையில்லாத புனிதரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்கட ஆக்கள் போன கிழமை செத்த பிள்ளையளின்ரை படத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு பெரிய நாடகத் தியேட்டருக்கு முன்னாலை நிண்டவை. நீங்களும் அந்த ஆக்கள்தானே? உங்கட நாட்டிலை சண்டை, இஞ்சை வந்து ஏன் வாள் வாங்கிறியள் எண்டு கேக்கிறார்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்போதாவது திரும்பி நடந்திருக்கலாம். நடக்கவில்லை. காசைக் கொடுத்தேன். வியாபாரி மெல்லிய தாளில் குஞ்சத்தைச் சுற்றித் தந்தார். நான் அதைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பாஸ்கரன் என்னை வுச்சீரியாச் சந்தைக்குக் கூட்டிப் போனான். கொழுப்பில் வதக்கிய மாட்டு மண்ணீரலைப் பாணுக்குள் வைத்து, எலுமிச்சம்புளி விட்டுத் தருகிறார்கள். வீட்டில் சுகந்தி ஜெகனுக்காக வைத்த நேர்த்தியால் எல்லோரும் சைவம். வெளியே அவன் களவாகச் சாப்பிடுகிறான். கையைத் துடைத்துவிட்டுத்தான் கேட்டான்.

"மச்சான், நீங்கள் இதுக்கோ வந்தனீங்கள்?"

"இதுக்கும்தான்" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சுகந்திக்குச் சொல்லாதேங்கோ" என்றான். "தம்பியின்ரை போன் நிண்டதிலயிருந்து அவ சோறு தொடுறேல்லை. தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். நேற்று உங்களோடை இருந்துதான் கோப்பையிலை போட்டுச் சாப்பிட்டவ. நீங்கள் இனி உண்மை சொல்லி உங்கட மனப்பாரத்தை இறக்கப் பாக்காதேங்கோ. நாலு நாள் இப்பிடியே இருந்திட்டுப் போங்கோ."

சனிக்கிழமை அவனோடு மொண்டெல்லோவுக்குப் போனேன். கோடை தொடங்கமுதல் கடற்கரையில் மரக் குடில்கள் வரிசையாகப் பொருத்துவார்கள், உடுப்பு மாற்றுகிறவர்களுக்காக. பாஸ்கரனுக்கு அதுதான் வேலை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குக் கடல் பார்க்கப் பொறுமையில்லை. கூரை போட்டு முடிந்த ஒரு குடிலுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சட்டைப்பையில் சின்னதொரு புற ஊதா ஒளி விளக்கு எப்போதும் இருக்கும். இருட்டில் அதை அடித்தால் புதிய செயற்கை நூல் பளிச்சென்று நீலமாக ஒளிரும். பழைய பட்டும் வெள்ளியும் ஒளிராது. குஞ்சத்தை முழங்காலில் வைத்து அங்குலம் அங்குலமாக அடித்துப் பார்த்தேன். எங்கும் ஒளிரவில்லை. குமிழுக்குள், பட்டியின் மடிப்புக்குள், எங்குமே இல்லை. ஐயோ, என் சந்தோஷத்தை என்ன சொல்ல!

வெளியே பாஸ்கரனின் போன் அடித்தது. அவன் கதைப்பது பலகை இடுக்கால் கேட்டது. "ஆர் கண்டது? எங்கை? வவுனியா ஆஸ்பத்திரியிலோ? பேர் ஜெகன்தானோ? வயசு என்னவாம்?" பிறகு என்னைக் கூப்பிட்டான். "மச்சான், கெதியா வாங்கோ. ஜெகனைக் கண்டதெண்டு ஆரோ சொல்லியிருக்கினம்."

"ஒரு நிமிசம்" என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் குமிழின் அடியை இன்னொரு தரம் பார்த்தேன். இதைத்தான் நான் எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தது. வெளியே வந்தபோது பாஸ்கரன் மணலில் உட்கார்ந்திருந்தான். "அது வேறை ஜெகன். இருபது வயசுப் பொடியனாம்" என்றான். போனைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பையில் வைத்தான். நான் அவன் தோளில் கை வைத்தேன். அந்தக் கையில்தான் விளக்கு இருந்தது, அதைப் பிறகுதான் கண்டேன்.

ஞாயிறு, ஈஸ்டர். பலெர்மோத் தமிழருக்கு ஞாயிறு என்றால் பெல்லகிரினோ மலை. அதன் உச்சிக் குகையில் சந்த ரொசாலியா என்ற புனிதை இருக்கிறாள். சைவமோ கிறிஸ்தவமோ, எங்கள் சனம் அவளை அம்மன் என்றுதான் கும்பிடுகிறது. சுகந்தி ஜெகனின் செய்தி வரும்வரை தினமும் வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்திருந்தாள். வேலைக்குப் போகமுதல் ஏறி, பஸ்ஸில் இறங்குவாள். அன்று எல்லோரும் சேர்ந்து ஏறினோம். கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து போகிறது. கீழே துறைமுகமும் ஊரும் சின்னதாகிக்கொண்டே வந்தன. எங்களோடு சிசிலிக்காரக் குடும்பங்களும் ஏறின. ஒரு கிழவி சுகந்தியின் காலைப் பார்த்துவிட்டு, "மகளே, எங்கள் பிள்ளைகள் காரில் வருகிறார்கள், நீ இப்படி வருகிறாய்" என்று சொல்லித் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள்.

குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைத் தகர வாய்க்கால்கள் பிடித்து வழிநடத்துகின்றன. கண்ணாடிக்குள் புனிதை பொன் ஆடையோடு படுத்திருக்கிறாள். சுவர் நிறைய வெள்ளிக் காணிக்கைகள்: கால், கை, கண், இதயம். எங்கள் ஊர்க் கோயில்களில் நேர்த்திக்குக் கொடுப்போமே, அதே மாதிரி. வியர்வை துடைக்க உள்பையிலிருந்து லேஞ்சியை இழுத்தேன். தாளோடு குஞ்சம் கீழே விழுந்தது.

சுகந்திதான் எடுத்தாள். தாள் விரிந்திருந்தது. வெள்ளிப் பட்டி, பச்சைக் கரை, குமிழ். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அண்ணை, காணிக்கையோ?" என்றாள். "வெள்ளியிலை குஞ்சம். அம்மனுக்கெண்டு அங்கயிருந்தே கொண்டந்தனீங்களோ? ஒரு வார்த்தை சொல்லேல்லையே."

பக்கத்தில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பாஸ்கரனைப் பார்த்தேன். அவன் பாறையைப் பார்த்தான். ஓம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் குஞ்சத்தை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு கோயில் பார்ப்பவரின் அறைப் பக்கம் போனாள்.

"மடிக்காதை! இழை முறிஞ்சிடும்!"

என் குரல்தான். அந்தக் குகையில் எல்லோருக்கும் கேட்டது. சுகந்தி திரும்பி, "பயப்பிடாதேங்கோ, பக்குவமாக் குடுக்கிறன் அண்ணை" என்றாள். என் பக்தியைப் பார்த்துப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நான் கூனிக்குறுகி நின்றேன். கோயில் பார்ப்பவர் குஞ்சத்தை வாங்கி, தன் கதவோரத்து ஆணியில், வெள்ளி இதயங்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அது சேரவேண்டிய இடம் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. அன்று சாப்பாட்டுக்கு இருந்தபோதும் என் கண்ணுக்குள் அந்த ஆணிதான் நின்றது. ஆணி துருப்பிடித்திருந்தது, துரு வெள்ளியில் ஏறும்.

திங்கட்கிழமை பின்னேரம் எனக்கு ரயில். காலையில் எழும்பியபோது சுகந்தி வழக்கம்போல மலைக்குப் போயிருந்தாள். "சும்மா ஒருக்கா நடந்திட்டு வாறன்" என்று பாஸ்கரனிடம் சொல்லிவிட்டுப் போய் பஸ் ஏறினேன். எதற்கு என்று சொல்லவும் வேண்டுமா? கொடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்கத்தான். தவறுதலாகக் கொடுபட்டது, அப்பாவின் ஞாபகப் பொருள் என்று சொல்லுவதாகப் பொய்யும் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

ஈஸ்டருக்கு அடுத்த நாள் பலெர்மோ முழுவதும் மலைக்கும் கடலுக்கும் சாப்பாட்டோடு போகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குள் கரி மூட்டை, இரும்பு அடுப்பு, கூடை கூடையாகச் சுட்டுத் தின்னும் ஆர்ட்டிசோக் பூக்கள். ஒரு மனிதர் தன் அடுப்பை என் மடியில் வைத்துவிட்டு, "இரண்டு வளைவுதான், பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். நடுவழியில் பாதையின் இரு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டார்கள். மேலே போகும் எங்கள் பஸ்ஸும் கீழே இறங்கும் பஸ்ஸும் முகத்துக்கு முகம் வந்து, உரசாமல் தாண்ட முடியாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சாரதிகள் இறங்கி, முதலில் சண்டை பிடித்து, பிறகு ஒரே சிகரெட்டில் பற்றவைத்துக்கொண்டார்கள். நான் அடுப்பைக் கட்டிப்பிடித்தபடி வியர்த்து வழிந்தேன்.

கோயில் பார்ப்பவர் இளமையில் ஜெர்மனியில் வேலை செய்தவராம். நல்ல ஜெர்மன் கதைத்தார். ஆணியில் குஞ்சம் இல்லை. என் பொய்யை முழுக்கச் சொல்ல அவர் விடவில்லை.

"உங்கள் தங்கைதான் காலையிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டாளே" என்றார். "அண்ணனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, நான்தான் பிழையாக எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று அழுதாள். புனிதைக்கு வேண்டியது உன்னுடைய கால்தான், உன் அண்ணனின் நூல் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். இதற்காக நீங்கள் வந்திருக்க வேண்டாம். வந்ததற்கு உள்ளே போய் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்."

"பஸ் காத்து நிக்குது" என்றேன். பஸ் காத்து நிற்கவில்லை. குஞ்சத்தை அவள் எப்படிக் கொண்டுபோயிருப்பாளோ, மடித்தாளோ சுருட்டினாளோ என்று பார்க்கும் அவசரம் எனக்கு. குகைக்குள் நான் காலே வைக்கவில்லை.

வீட்டில் சுகந்தி என் பையை அடுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, தன் பட்டுச் சட்டைத் துணி ஒன்றில் குஞ்சத்தை நீளமாக, மடிப்பே இல்லாமல் வைத்துச் சுற்றியிருந்தாள். பையின் அடியில் கிடந்த பிரண்டிப் போத்தலையும் சொக்கலேட் முயலையும் எடுத்து, அவை என் சாமான் என்று நினைத்து, உடையாமல் துவாயில் சுற்றி உள்ளே வைத்திருந்தாள்.

"இவர் நேற்றுத்தான் சொன்னவர்" என்றாள். "அது உங்கட வாளுக்கு வாங்கினதாம். வருசக்கணக்கிலை தேடினதாம். எனக்குத் தெரியேல்லை அண்ணை. நீங்களும் என்ரை மனம் நோகக்கூடாதெண்டு வாய் திறக்கேல்லை. எனக்கு வெக்கமாப் போச்சு."

வெட்கம் அவளுக்காம். நான் சப்பாத்தைக் கழற்றுகிற சாட்டில் குனிந்தேன்.

"ஆனால் நான் இறங்கேக்கை உங்களைக் கண்டனான்" என்றாள். "மற்ற பஸ்ஸிலை, மடியிலை என்னவோ வைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். கூப்பிட்டனான், கேக்கேல்லை. ஆருக்கும் சொல்லாமல் தனியப் போய் ஜெகனுக்காகக் கும்பிட்டிருக்கிறியள், என்ன?"

பாஸ்கரன் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தான்.

"ஓம்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷன்வரை விடவில்லை.

குஞ்சம் இப்போது என் வீட்டுச் சுவரில், சாக்சன் வாளில் தொங்குகிறது. பழைய மடிப்பு காப்புத் தகட்டில் அச்சொட்டாகப் பொருந்தியது. பார்க்க வருகிற ஜெர்மன்காரர்கள் எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். இத்தாலியில் என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவேன்.

அந்த ஆண்டு மாரி தொடங்கியபோது சுகந்தியிடமிருந்து போன் வந்தது. அவள் அழுதழுது சொன்னாள். ஜெகன் இருக்கிறான். முகாமில். ஒரு கால் போய்விட்டது. மனைவியும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். "அண்ணை, நீங்கள் மலையிலை கேட்டது நடந்திட்டுது" என்றாள். "இஞ்சை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்." நானும் அழுதேன். சந்தோஷத்திலா என்று கேட்டால், அதுவும்தான்.

கொஞ்ச நாளில் ஜெகனே எடுத்தான். யாருடைய போனோ, அடிக்கடி இரைந்தது. அவனோடு நான் கதைத்து எத்தனையோ காலம். குரல் அப்படியே இருந்தது.

"அக்கா சொன்னவ அண்ணை" என்றான். "எனக்காக அவ்வளவு தூரம் வந்து, ஆருக்கும் சொல்லாமல் தனிய மலை ஏறிக் கும்பிட்டியளாம்."

என்னால் ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது.

"அண்டைக்கு நடந்து ஏறேல்லைத் தம்பி. பஸ்ஸிலைதான் போனனான்."

"அதுக்கென்ன அண்ணை" என்றான் ஜெகன். "போனனீங்கள்தானே."